பீடம் வேண்டாம், பாடம் வேண்டும்!

கொல்லிமலை! எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் எட்டுவது. இன்றைய நாமக்கல் மாவட்டத்திலே இருப்பது. சங்கப் புலவர் நாவிலே ஏறி ஈராயிரம் ஆண்டுகளாக இறங்காமல் இருப்பது. அந்த மலையின் செம்மேட்டிலே வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பதினெட்டையொட்டி ஆண்டுதோறும் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியிலே உடும்பில் போய்த் தைத்தது ஒரே அம்பு என்று வன்பரணர் பாடினாரே, அந்த அம்புக்கு உரியவன் ஓரி.

விழா வென்றவனுக்கா? அல்ல, தோற்றவனுக்கு! திருக்கோவலூர்ப் பக்கத்து மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்றான். கொல்லிமலையைச் சேரனுக்குத் தந்தான். அகநானூற்றிலே கல்லாடனார் இதைச் சொல்கிறார். ஆனால் அதைவிட எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. காரியின் புகழைப் புறநானூற்றிலே பாடியவர் கபிலர். அதே கபிலர், ஓரியைக் கொன்றுவிட்டுக் காரி அவனது பெருந்தெருவிலே நுழைந்தபோது ஊரே எழுப்பிய ஆரவாரத்தை நற்றிணைப் பாட்டு ஒன்றிலே பதித்து வைத்திருக்கிறார். பரிசில் தந்தவன் பெயருக்கு ஊறு வருமே என்று அந்தக் கூக்குரலை அவர் மறைக்கவில்லை. பின்னால் வந்த சிறுபாணாற்றுப்படையோ, வள்ளல் எழுவரை வரிசைப்படுத்தும்போது காரியையும் சேர்த்தது, ஓரியையும் சேர்த்தது. ஓரி காரியோடு போரிட்டவன் என்பதையும் சேர்த்தே சொன்னது. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வரிசையில்! கொடையைப் பாராட்டுவதற்காகக் கொலையை மறைக்கவில்லை. கொலையைச் சொல்வதற்காகக் கொடையை மறுக்கவுமில்லை.

பழம்பெருமை பேசிப் பொழுது போக்குவதற்காக இதை நினைவூட்டவில்லை, தோழர்களே! உலகமே விடை தேடித் தடுமாறுகிற கேள்வி ஒன்று உண்டு. அதற்கு விடை தேடுவதற்கான நூல்முனை இங்கே கிடைக்கிறது என்பதற்காகவே நினைவூட்டுகிறேன்.

கேள்வி இதுதான்: ஒரு காலத்திலே ஒரு நாடு கொண்டாடிய கொள்கை, அதன் பெயரால் எழுந்த சிலைகள், மாளிகைகள், தெருப்பெயர்கள், பாட்டுகள், பாடநூல்கள், பின்னர் அந்த ஆட்சி வீழ்ந்தது, அதன் பெயரால் நடந்த கொடுமைகள் வெளிப்பட்டன, இப்போது எஞ்சி நிற்கும் அந்தச் சின்னங்களை என் செய்வது? உடைப்பதா, புதைப்பதா, காப்பதா?

பெர்லின் நகரின் கிழக்குப் பகுதியிலே 1970இல் லெனினுக்குச் சிலை எடுத்தார்கள். 19 மீட்டர் உயரம், செந்நிறக் கருங்கல். சுவர் இடிந்தது, ஆட்சி மறைந்தது. 1991இல் சிலையைத் துண்டு துண்டாக அறுத்து, நகரின் ஓரத்துக் காட்டிலே புதைத்தார்கள். 'தொலைந்தது தொல்லை' என்று எண்ணினார்கள் போலும். தொலைந்ததா? 2015இல் அந்தத் தலையை அவர்களே தோண்டி எடுத்தார்கள்! மூன்றரை டன் எடையுள்ள அந்தத் தலை, 2016இலிருந்து ஸ்பண்டவ் கோட்டையிலே, பெர்லின் நகரம் வெவ்வேறு ஆட்சிகளிலே எழுப்பிய மற்றச் சிலைகளோடு காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே பீடம் இல்லை; தலை தரையிலே சாய்ந்து கிடக்கிறது. முன்பு அண்ணாந்து பார்த்தவர்கள் இன்று குனிந்து பார்க்கிறார்கள்.

அங்கேரி நாட்டுப் புடாபெஸ்டிலே 1956 அக்டோபர் 23 அன்று மக்கள் திரண்டு ஸ்டாலின் சிலையைச் சாய்த்தார்கள். பீடத்தின் மேல் மிஞ்சியவை காலணிகள் மட்டுமே! பின்னர் ஆட்சி மாறியபோது, எஞ்சிய சிலைகளை அந்நாட்டார் உருக்கிவிடவில்லை. நகரின் ஓரத்திலே ஒரு பூங்கா அமைத்து, 1993இலே அங்கே கொண்டு போய் நிறுத்தினார்கள். வருவோர் காண்கிறார்கள், வணங்குவதில்லை.

பல்கேரியாவிலே புஸ்லுஜா என்றொரு மலைமுடி. 1868இலே துருக்கிய ஆட்சியை எதிர்த்த வீரர்கள் அங்கே மடிந்தார்கள்; 1891இலே சமதர்மிகள் அங்கே கூடிக் கட்சி தொடங்கினார்கள்; 1981இலே ஆளுங்கட்சி தன் பெருமைக்கு அங்கே ஒரு மாபெரும் மண்டபம் கட்டியது. 1989க்குப் பிறகு காவலும் இல்லை, கவனிப்பும் இல்லை. கூரை பிய்ந்தது, வண்ணக்கல் ஓவியங்கள் உதிர்ந்தன. 'கடந்ததை மறந்துவிடு' என்று எவரோ வாயிலின் மேலே எழுதினார்கள். பிறகு வேறெவரோ வந்து, 'ஒருபோதும்' 'மறவாதே' என்று பொருள் மாறும்படி அதைத் திருத்தினார்கள்! ஒரே சுவரிலே இரண்டு கட்சி! 2019இலே அந்தக் கட்டடத்தைக் காப்பதற்குத் திட்டம் தீட்ட கெட்டி அறக்கட்டளை பொருளுதவி அளித்தது.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை, நமக்கென்ன என்று இருக்கலாமா? இருக்க முடியாது. 2018 மார்ச் 5 அன்று திரிபுரா மாநிலத்துப் பெலோனியா ஊரிலே, தேர்தல் முடிவு வந்த இரண்டு நாளுக்குள், லெனின் சிலையை இயந்திரம் கொண்டு பெயர்த்தார்கள். மறுநாள் மார்ச் 6 அன்று, அன்றைய வேலூர் மாவட்டத்துத் திருப்பத்தூரிலே பெரியார் சிலை சிதைக்கப்பட்டது. அங்கே விழுந்த அடியின் ஓசை அடங்குமுன் இங்கே அடி விழுந்தது! சிலை உடைப்புக்கு ஒரு நாட்டிலே வழக்கம் ஏற்பட்டுவிட்டால், அது எந்தச் சிலையோடு நிற்கும் என்று எவராலும் எல்லை கட்ட முடியாது.

இங்கே மாற்றார் ஒரு கேள்வி கேட்பர். கேட்கட்டும், கேள்விக்கு அஞ்சுவோர் பகுத்தறிவாளர் அல்லர். "1953 மே 27 அன்று பிள்ளையார் உருவத்தை உடைத்தவர்கள் நீங்கள்தானே? பிறர் சிலையை உடைக்கலாம், உம்முடைய சிலையைத் தொடக்கூடாதா? இதென்ன நியாயம்?" என்பர்.

அன்று உடைபட்டது எவருடைய கோவிலிலும் புகுந்து பெயர்த்தெடுத்த சிலை அன்று, மண்ணாலான உருவம். நாள் குறித்து, காரணம் சொல்லி, பகலிலே, பலர் முன்னிலையிலே நடந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. இருளிலே வந்து பிறர் நட்ட சிலையைச் சிதைத்துவிட்டு ஓடுவது வேறு. 'இதற்கு ஆற்றல் இல்லை, அஞ்சாதே' என்று தன் கையிலுள்ள பொருளைக் கொண்டே மெய்ப்பிக்க முயல்வது வேறு. ஆயினும், கேள்வி முழுதும் தீர்ந்துவிடவில்லை. கேட்டவர் நம்மை ஓர் உண்மையின் பக்கம் தள்ளியிருக்கிறார். சிலை என்பது வழிபாட்டுக்கு உரியதென்றால் நமக்கு வேண்டாம். அது யாருடைய சிலையாயினும் சரி. சிலை என்பது நினைவுக்கும் ஆராய்ச்சிக்கும் உரியதென்றால் காக்கலாம். அதுவும் யாருடைய சிலையாயினும் சரி. நமக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி என்று வைத்துக்கொண்டால், மனுவின் நூலைப் பழிக்க நமக்கு வாய் ஏது?

ஆகவே, ஆராய்ச்சியை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

1931இலே பொதுவுடைமை அறிக்கையைத் தமிழிலே வெளியிட்டது 'குடிஅரசு'. 1932இலே பெரியார் சோவியத் நாட்டிலே ஏறத்தாழ மூன்று திங்கள் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து, அவ்வாண்டு டிசம்பரிலே சிங்காரவேலருடன் கூடி ஈரோட்டிலே சமதர்மத் திட்டம் வகுத்தார். தோழர் என்ற விளி பரவியது. பிள்ளைகளுக்கு ரஷ்யா என்றும், மாஸ்கோ என்றும், லெனின் என்றும் பெயர்கள் வந்தன. 1953 மார்ச் 1 அன்று பிறந்த தம் மகனுக்குக் கலைஞர் மு. கருணாநிதி ஸ்டாலின் என்று பெயரிட்டார். நான்கே நாளிலே, மார்ச் 5 அன்று, அந்த ஸ்டாலின் மாஸ்கோவிலே இறந்தார். சாதிப் பெயரும் சாமிப் பெயரும் தவிர வேறு பெயர் அறியாதிருந்த நாட்டிலே, உழைப்பாளர் ஆட்சியின் பெயரைக் குழந்தைக்கு இடுவது ஒரு சிறு புரட்சிதான். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அதே 1932இல் தொடங்கி 1933இலும் நீடித்து, உக்ரைனிலும் கசகஸ்தானிலும் பிற பகுதிகளிலும் பஞ்சம் பல இலட்சம் உழவர்களைக் கொன்றது. தானியத்தை வலிந்து பறித்த ஆட்சிக்கு அதிலே பெரும்பங்கு உண்டு. 1937, 1938 ஆகிய ஈராண்டிலே மட்டும் ஏறத்தாழ 6,80,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் சோவியத் அரசின் பதிவேடுகளே கூறுகின்றன. 1956 பிப்ரவரியிலே குருஷேவ் தம் கட்சி மாநாட்டிலே எழுந்து ஸ்டாலினின் குற்றங்களை எடுத்துரைத்தார். பெயரிட்டவர்கள் பெயரிட்டபோது இவை உலகறிந்த செய்திகள் அல்ல. அறிந்த பிறகு என்ன செய்வது என்பதே நமக்குரிய கேள்வி.

இரண்டு குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய ஏட்டைப் புரட்டாதே என்பது. 'ரஷ்யாவைப் புகழ்ந்த பக்கங்களைத் தொகுப்பிலே சேர்க்காதே. ஈரோட்டுத் திட்டம் பின்னர் தளர்ந்ததையும், ஜீவானந்தம் முதலியோர் பிரிந்து சென்றதையும் பேசாதே. மாற்றானுக்கு ஆயுதம் கொடுக்காதே' என்பது. மற்றொன்று, 'அந்தக் கொடுமைகள் எல்லாம் பகைவர் கட்டிய கதை, நம்பாதே' என்பது. முதலாவது மறைப்பு; இரண்டாவது மறுப்பு. இரண்டும் பக்தனுக்கு உரியவை. புராணத்திலே ஆபாசம் இருக்கிறது என்றால், ஒருவன் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படிக்கிறான். இன்னொருவன் 'அதற்கு உட்பொருள் வேறு' என்கிறான். அவர்களைப் பார்த்து நகைத்த நாம், நம் ஏட்டைப் படிக்கும்போது அதையே செய்யலாமா? நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள் என்று மேடைதோறும் சொன்னவரைத் தலைவராகக் கொண்டவர்கள், அவருடைய பக்கங்களையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

பெயரை மாற்ற வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பெயர், தாங்கியவன் செய்த குற்றம் அன்று. அது, இட்டவர் கொண்ட நம்பிக்கையின் வரலாறு. அந்த நம்பிக்கை எதிலே சரி, எதிலே ஏமாந்தது என்று கேட்போர்க்குச் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

இனி, மனச்சாட்சியுள்ள எவரும் எழுப்பக்கூடிய ஒரு மறுப்பு உண்டு. "நீ கற்றுக்கொள்வதற்காக அந்தச் சிலை அங்கேயே நிற்க வேண்டுமா? தந்தையைச் சிறைமுகாமிலே பறிகொடுத்தவள், நாள்தோறும் சந்தைக்குப் போகும் வழியிலே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டுமா? உனக்குப் பாடம், அவளுக்கு அது கன்னத்திலே விழும் அறை அல்லவா?" என்பது.

இந்த மறுப்பு நியாயமானது. இதை ஒதுக்கிவிட்டு வாதம் பேசுவது நெஞ்சிலே ஈரம் இல்லாதவர் செயல். இதற்கு விடை நம் சென்னையிலேயே இருக்கிறது. 1857 எழுச்சியின்போது காசியிலும் அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைத் தூக்கிலே தொங்கவிட்ட நீல் என்ற வெள்ளைத் தளபதிக்கு, மவுண்ட் ரோட்டிலே சிலை வைத்தனர் ஆங்கிலேயர். கொன்றவன் உருவத்தின் கீழே கொல்லப்பட்டவர் இனம் நடந்து போக வேண்டும்! 1927இலே இளைஞர்கள் கிளர்ந்தனர், அறப்போர் நடத்தினர், சிறை சென்றனர். 1937இலே ராஜாஜியின் அமைச்சரவை வந்தபின் அந்தச் சிலை சாலையிலிருந்து அகற்றப்பட்டது. உருக்கினார்களா? கடலிலே எறிந்தார்களா? இல்லை. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்திலே இருக்கிறது.

இதிலே அடங்கியிருக்கும் அறிவு நுட்பமானது. தெருவிலே, பீடத்தின் மேலே நிற்கும் சிலை, 'இவனைப் போல் ஆகு' என்று ஆணையிடுகிறது. அருங்காட்சியகத்திலே, குறிப்புப் பலகையோடு நிற்கும் சிலை, 'இவன் இன்னது செய்தான். இவனைக் கொண்டாடியவர் இன்னார். எதிர்த்தவர் இன்னார்' என்று சான்று கூறுகிறது. முன்னது பீடம், பின்னது பாடம். பீடத்தைப் பறிக்க மக்களுக்கு உரிமை உண்டு. வேதனைப்பட்டவர்க்கு அதிலே முதல் உரிமை உண்டு. பாடத்தைப் பறிக்க எவருக்கும் உரிமை இல்லை. ஏனெனில் பாடம், இன்னும் பிறவாதவர்க்கும் சொந்தம். நீல் சிலையை உருக்கியிருந்தால், நாளைக்கு ஒருவன் எழுந்து, 'அப்படியொரு சிலையே இருந்ததில்லை. ஆங்கிலேயர் அவ்வளவு கொடியவர் அல்லர்' என்று சாதிப்பான். சான்றை அழிப்பதாலே குற்றவாளிக்குத்தான் ஆதாயம்!

"வைத்திருந்தால் மாலை போடுவானே ஒருவன்!" என்பர். போடுவான்தான். மாலை விழுவது சிலை இருப்பதனால் அன்று; அருகிலே உண்மை இல்லாததனால். கொலைக்கணக்கு எழுதிய பலகைக்குப் பக்கத்திலே மாலை போட வருகிறவன், ஒரு கணமாவது அதைப் படித்துவிட்டுத்தான் போட வேண்டியிருக்கும். புதைத்துவிட்டாலோ, அவன் மனத்திலேயே சிலை வைத்துக்கொள்வான். அங்கே பலகை வைக்க நம்மால் இயலாது.

மற்றொரு காரணத்துக்காகவும் இந்தச் சமதர்மப் பழம்பொருள்களைக் காக்கச் சொல்கிறேன்; இதுவே தலையாயது. சிலையை உடைக்க இயந்திரம் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் சிறைமுகாமிலே செத்தவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் அல்லர். ஸ்டாலினின் குற்றத்தைக் காட்டி, கூலி கேட்பதே குற்றம் என்று நிறுவப் பார்க்கும் கூட்டமும் அவர்களுக்குள் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியிலே 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர். செங்கொடியின் கீழே சங்கம் சேர்ந்தவர்கள். நெல்லிலே அரைப்படி கூலி கூடக் கேட்டவர்கள். அவர்களுக்கு அந்தக் கொடி கொடுத்தது சிறைமுகாம் அன்று. நிமிர்ந்து நிற்க ஒரு முதுகெலும்பு. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973இலே உயர்நீதிமன்றம் விடுவித்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோதே நடந்த கொடுமை அது என்பதையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும். அதுவும் நம் வீட்டு ஆராய்ச்சியைச் சேர்ந்ததே!

மாஸ்கோவிலே அதே கொடி கொலைக்குக் கூரையாயிற்று. வெண்மணியிலே அதே கொடி கொல்லப்பட்டவர்க்குக் கூரையாக இருந்தது. எது உண்மை? இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்கிறவன், எந்தக் கட்சியைச் சேர்ந்தவனாயினும், பொய்யன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவனும், வீடு நல்ல வீடு என்பதற்காக மூட்டைப்பூச்சியே இல்லை என்கிறவனும் ஒரே பள்ளியிலே படித்தவர்கள்.

ஒரு சொல்லும் இதே வழக்கிலே சிக்கியது. 1955இலே ஆவடியில் கூடிய காங்கிரசு, சமதர்மப் பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. 1976இலே, நெருக்கடி நிலைக் காலத்திலே, 42ஆம் திருத்தத்தின் வழியாகச் 'சமதர்ம' என்ற சொல் அரசமைப்பின் முகப்புரையிலே சேர்க்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையிலே இருந்தபோது எழுதப்பட்ட சொல்! அதை நீக்கக் கோரிய வழக்குகளை 2024 நவம்பரிலே உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிறந்த வேளை தீய வேளை என்பதற்காகச் சொல் தீயதாகிவிடாது; சோதிடம் பார்ப்பவர்தாம் பிறந்த வேளையைக் கொண்டு தீர்ப்பளிப்பார்கள். அதே நேரத்தில், சொல் நல்லது என்பதற்காக அது வந்த வழியை மறப்பதும் முறையன்று. சொல்லையும் காப்போம், வந்த கதையையும் காப்போம்.

கொல்லிமலைக்குத் திரும்பினால், அங்கே மண்ணே ஒரு பாடம் நடத்துகிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலை அது. விலை கிடைக்கிறது என்று மரவள்ளி பரவியது. ஏழையின் உணவு என்று இகழப்பட்ட தானியங்கள் வயலை விட்டு வெளியேறின. 1990களிலே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மலைவாழ் மக்களோடு சேர்ந்து பழைய வகைகளின் விதைகளைத் திரட்டிக் காக்கும் வேலையிலே இறங்கியது. விதையைக் காப்பவன், அத்தனையையும் நாளைக்கே விதைக்கப் போவதில்லை. எது மழை பொய்த்தால் தாங்கும், எது தாங்காது என்று தெரிந்து தெரிந்தெடுப்பதற்காகக் காக்கிறான். எரித்துவிட்டால் தெரிந்தெடுக்க எதுவுமில்லை. கடந்த நூற்றாண்டின் சமதர்மக் கனவும் அவ்வாறே. அதிலே எந்த விதை முளைத்து மனிதனை நிமிர்த்தியது, எந்த விதை நச்சுச் செடியாயிற்று என்று ஆராய வேண்டுமானால், விதையும் வேண்டும், விளைந்ததன் கணக்கும் வேண்டும்.

எனவே, இளைஞர்களே, இதிலே நாம் கைக்கொள்ள வேண்டிய நெறி எளியது, கடைப்பிடிப்பதுதான் கடினம். இருளிலே உடைக்காதே, ஒளியிலே வாதாடு. வேதனைப்பட்டவன் வாக்குமூலத்தை முதலிலே கேள். பீடத்தை விட்டு இறக்கு, வேண்டுமானால். உருக்காதே, புதைக்காதே, பக்கத்திலே உண்மையை எழுதி வை. இந்த நெறியை மாற்றான் தலைவனுக்குப் பொருத்துமுன், உன் தலைவனுக்குப் பொருத்திப் பார்.

காரியிடம் பரிசில் பெற்ற கபிலர், ஓரியின் தெருவிலே எழுந்த கூக்குரலையும் பாட்டிலே வைத்தார். அவருக்கு இருந்த நெஞ்சுரம் நமக்கு இருக்கிறதா? இருக்குமானால், எந்தச் சிலையைக் கண்டும் நாம் மண்டியிட வேண்டியதில்லை. எந்தச் சிலையைக் கண்டும் அஞ்சி நடுங்கிச் சம்மட்டி தூக்கவும் வேண்டியதில்லை.